டிராயரில் கிடந்த பதினோரு வண்டிகள்: பழைய கார் வியாபாரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒத்தக்கடைப் பக்கம் புதிதாகக் கார் கன்சல்டிங் போட்டிருக்கும் தம்பி ஒருவனைப் பார்க்கப் போயிருந்தேன். இடம் நன்றாகவே பிடித்திருக்கிறான். ரோட்டு முகப்பு, தகர ஷெட், ஒன்பது வண்டி, வாசலில் எலுமிச்சம்பழம் மிளகாய். டீ சொல்லிவிட்டு ஏதோ ஒரு சாவியைத் தேடி மேஜை டிராயரை இழுத்தான். உள்ளே ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு. ஆர்சி ஜெராக்ஸ், அதோடு குண்டூசி குத்திய டெலிவரி நோட் என்று ஒவ்வொன்றும் ஒரு ஜோடி.

"இதெல்லாம் என்னப்பா?"

"டெலிவரி கொடுத்த வண்டிண்ணே. பேரு மாத்தல. பார்ட்டியே மாத்திக்கிறேன்னு சொல்லிட்டாங்க."

எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. எனக்கு டீ இறங்கவில்லை. இதே மாதிரி ஒரு கட்டு என் டிராயரிலும் கிடந்தது. அதில் ஒன்று மட்டும் என்னை இரண்டு வருஷம் தூங்க விடாமல் பண்ணியது. வீட்டுக்கு வந்த கையோடு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

டயர் பார், ஆயில் பார், பில்லரைத் தட்டிப் பார் என்றெல்லாம் இதில் எழுதப் போவதில்லை. அது தெரியாதவர் கடை போட்டிருக்க மாட்டார். தொழில் தெரிந்த பிறகும் செய்கிற தவறுகள்தான் இவை.

நமக்குப் பிடித்த வண்டியை வாங்குவது

கடை போட்ட முதல் வருஷம் ஐரோப்பியக் கம்பெனி செடான் ஒன்று வந்தது. மெரூன் கலர், லெதர் சீட், கதவைச் சாத்தினால் கேட்கிற அந்தக் கனமான சத்தம். நான் மயங்கிவிட்டேன். மதுரைக்காரர் கேட்பது வெள்ளை ஸ்விஃப்ட், வேகன்ஆர், கிராமத்துப் பார்ட்டி என்றால் பொலேரோ என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் வாங்கினேன்.

ஐந்து மாசம் நின்றது. நாலு லட்சத்தை நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு எடுத்துப் போட்டிருந்தேன். மாசம் எட்டாயிரம் என்றால் ஐந்து மாசத்துக்கு நாற்பதாயிரம். அதற்குள் பேட்டரி இறங்கி, ஒரு பக்க டயர் தட்டையாகி, எலி உள்ளே புகுந்து வயரிங்கைக் கடித்துவைத்தது. எலிக்கும் ஐரோப்பிய வண்டிதான் பிடித்திருந்தது போல, பக்கத்தில் நின்ற ஆல்டோவைத் தொடவே இல்லை. கடைசியில் வாங்கின விலைக்குக் கீழேதான் தள்ளிவிட்டேன்.

இப்போது எனக்கு ஒரு கணக்கு உண்டு. நாற்பத்தைந்து நாளில் போகாத வண்டியை லாபம் பார்க்காமல் விற்றுவிடுவது. ஆனி கடைசியில் ஷெட்டை நிரப்புவதும் இல்லை. ஆடியில் பார்ட்டி வருவார், பார்ப்பார், அட்வான்ஸ்கூடக் கொடுப்பார். டெலிவரி மட்டும் ஆவணி ஒன்றாம் தேதிக்குத்தான். அந்த ஒரு மாச வட்டியை அவர் தரமாட்டார்.

பேர் மாற்றாமல் வண்டியை வெளியே அனுப்புவது

இதைத்தான் சொல்ல வந்தேன்.

2019-ல் நடந்தது. கே.கே.நகரில் ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் தன் காரைக் கொண்டுவந்தார். சிங்கிள் ஓனர், டாஷ்போர்டில் பிள்ளையார், சீட்டில் பிளாஸ்டிக் கவர்கூட எடுக்கவில்லை. நல்ல விலை கொடுத்தேன். பேர் மாற்றுவதற்கான 29, 30 ஃபார்ம்களில் அழகான கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "தம்பி, பேரு மாத்தினதும் ஒரு போன் போட்ருங்க" என்றார். சரி சார் என்றேன்.

பத்தே நாளில் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர் ஒருவர் முழுப் பணமும் கொடுத்து வாங்கினார். "எனக்குத் தெரிஞ்ச ஏஜென்ட் இருக்காருண்ணே, நானே மாத்திக்கிறேன். மாத்துற செலவ விலையில கழிச்சுக்கங்க." கழித்தேன். டெலிவரி நோட்டில் தேதி, நேரம் போட்டு, 'இந்த நேரத்திலிருந்து ஏற்படும் விபத்து, வழக்கு அனைத்துக்கும் வாங்குபவரே பொறுப்பு' என்று எழுதி, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன்மேல் குறுக்காகக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன். ஏதோ பெரிய பாதுகாப்பு என்று அப்போது நினைப்பு. அந்த வண்டியில் எனக்கு லாபம் பதினெட்டாயிரம்.

அவர் மாற்றவில்லை. மாற்றுவதாக அவருக்கு எண்ணமே இருந்ததில்லை என்பது பிறகுதான் புரிந்தது. அவரும் நம்மைப் போல ஒரு வியாபாரிதான், கடை மட்டும் இல்லை. தன் பேருக்கு மாற்றினால் வண்டி செகண்ட் ஓனர் ஆகிவிடும், அடுத்து விற்கும்போது விலை குறையும். வாத்தியார் போட்ட கையெழுத்தோடு அப்படியே கை மாற்றினால் சிங்கிள் ஓனர் வண்டியாகவே போகும். இரண்டு மாசத்தில் மானாமதுரைப் பக்கம் விற்றுவிட்டார். இன்சூரன்ஸ் மூன்றாம் மாசம் முடிந்தது. யாரும் கட்டவில்லை. ஐந்தாம் மாசம் சிவகங்கை ரோட்டில் அந்த வண்டி ஒரு டூவீலரை இடித்தது.

ஓட்டினவர் யார், சொந்தக்காரர் யார் என்பதெல்லாம் அப்புறம். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் நோட்டீஸ் யார் பேருக்குப் போகும்? ஆர்சியில் இருக்கிற பேருக்கு.

ஒரு காலை பத்து மணிக்கு வாத்தியார் கடை வாசலில் வந்து நின்றார். வேட்டி சட்டை, கையில் மஞ்சள் பை. நோட்டீஸை நீட்டிவிட்டுப் போனை எடுத்துக் காட்டினார். சிட்டம்பட்டி டோல், கப்பலூர் டோல் என்று ஃபாஸ்டேக்கில் பணம் பிடித்த மெசேஜ்கள் வரிசையாக. நடுவில் ஹெல்மெட் போடவில்லை என்று ஒரு அபராதமும் இருந்தது. கடைசியில் பார்த்தால் அது அவருடைய ஸ்கூட்டருக்கு வந்தது. அது ஒன்றுதான் என்னால் நடக்காதது.

"என்ன தம்பி, நான் வித்த வண்டி எங்க போகுது வருதுன்னு எனக்குத்தான் மெசேஜ் வருது" என்றார். கோபப்படவே இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வக்கீலிடம் போனோம். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய என் டெலிவரி நோட்டைப் பார்த்து அவர் சிரித்தார். கை மாறி மாறிப் போன ஒரு வண்டியின் வழக்கில் 2018-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது என்றார். பதிவேட்டில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்குத்தான். இடையில் எத்தனை பேர் வாங்கி விற்றிருந்தாலும், அடிபட்டவர் அவர்களை ஒவ்வொருவராகத் தேடி அலைய வேண்டியதில்லை. இன்சூரன்ஸ் உயிரோடு இருந்திருந்தால் மூன்றாம் நபர் இழப்பீட்டை, அதாவது அடிபட்டவருக்குக் கொடுக்க வேண்டியதை, கம்பெனி பார்த்திருக்கும். அதுவும் இல்லை.

உசிலம்பட்டிக்காரரின் நம்பர் உபயோகத்தில் இல்லை. மானாமதுரைக்காரர் கையில் காசு இல்லை. வாத்தியார் பென்ஷனில் கைவைக்க எனக்கு மனசு வரவில்லை. சமரசம், வக்கீல் ஃபீஸ், அலைச்சல் எல்லாம் சேர்த்து நாலு லட்சத்துக்கு மேல் என் கையை விட்டுப் போனது. பதினெட்டாயிரம் லாபத்துக்கு.

இப்போதும் எரிச்சலாக வருவது பணத்தை நினைத்து இல்லை. பேர் மாற்ற எனக்கு ஆகியிருக்கக்கூடியது அரை நாள் வேலை. அதைச் சோம்பல்பட்டு விட்டேன். வாங்கியவர் சொன்னதும் ஒரு வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன்.

சட்டம் கேட்பது ஒன்றும் கஷ்டமில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 50-ஆம் பிரிவின்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள். 2023 ஏப்ரல் 1 முதல் நம்மைப் போன்ற பழைய வண்டி வியாபாரிகளுக்கென்றே தனி விதியும் வந்திருக்கிறது. ஆர்டிஓவிடம் அங்கீகாரச் சான்று வாங்கிக்கொண்டால், ஓனர் வண்டியை நம்மிடம் ஒப்படைத்ததை 29சி ஃபார்மில் ஆன்லைனில் பதியலாம். அந்த நேரத்திலிருந்து வண்டிக்கு நாம் பொறுப்பு, விற்றவர் நிம்மதியாக இருக்கலாம். பொறுப்பு நம் தலையில் விழுகிறதே என்று பல பேர் இதன் பக்கமே போவதில்லை. எப்படியும் விழத்தான் போகிறது. பதிந்துவிட்டால், விற்கிறவர் நம்மை நம்பி வருவார்.

இப்போது என் கடையில் நடப்பது இதுதான். பேர் மாற்றும் செலவு விலையிலேயே சேர்த்தி, கழிப்பது கிடையாது. விற்கிறவருக்குக் கொடுக்க வேண்டியதில் பத்தாயிரம் என் கையில் நிற்கும், ஓடிபி சொன்ன பிறகுதான் அது போகும். ஏனென்றால் இன்றைக்கு வெறும் கையெழுத்து போதாது, விற்றவர் போனுக்கு ஓடிபி வருகிறது. அவர் சிங்கப்பூர் போய்விட்டாலோ நம்பரை மாற்றிவிட்டாலோ நம் கையில் இருக்கும் ஃபார்ம் வெறும் பேப்பர். இறந்துவிட்டால் இன்னும் கஷ்டம், வாரிசுகள் 31 ஃபார்ம் கொடுக்க வேண்டும். இறந்தவர் போட்டுவைத்த பழைய கையெழுத்தை வைத்து மாற்றப் பார்ப்பது மோசடி, ஏஜென்ட் என்ன சொன்னாலும் சரி. ஃபாஸ்டேக்கை என் மேஜையிலேயே, விற்றவர் போனிலிருந்தே மூடிவிடுகிறோம். விண்ணப்பம் ஏறி ரசீது வந்த பிறகுதான் சாவி.

"நாளைக்கு முகூர்த்தம், வண்டி வேணும்" என்று ஒற்றைக் காலில் நிற்பார்கள். நிற்கட்டும்.

இன்சூரன்ஸ் வண்டியோடு போய்விடும் என்று சொல்லி விற்பது

மூன்றாம் நபர் பாதுகாப்பு மட்டும்தான் தானாகப் போகும். வண்டிக்கு அடிபட்டால் கிளெய்ம் கிடைக்க வேண்டுமென்றால், வாங்கியவர் 14 நாளுக்குள் பாலிசியைத் தன் பேருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் எடுக்காததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, பழைய ஓனருடையது, வண்டியுடையது கிடையாது. அந்த வித்தியாசத்தை வாங்குபவர்தான் கட்டணும். இதை விற்கும்போதே சொல்லிவிட்டால் நூறு ரூபாய்ப் பேச்சு. சொல்லாமல் விட்டால் கடை வாசலில் சண்டை.

மீட்டரில் கை வைப்பது

வேண்டாம்.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2015 டிசம்பரில் சென்னை வெள்ளம் வந்தது. 2023 டிசம்பரில் சென்னைக்கு மிக்ஜாம் புயல், அதே மாசம் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் வெள்ளம். ஒவ்வொரு தடவையும் மூன்று நாலு மாசம் கழித்து, சந்தை விலைக்கு ரொம்பக் கீழே, பளபளவென்று வண்டிகள் மதுரைக்கு வர ஆரம்பிக்கும். சீட் கவர் புதுசு, மேட் புதுசு, உள்ளே சென்ட் வாசம் தூக்கலாக இருக்கும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். கழுவுகிறவன் பாதி வரைதான் கழுவியிருப்பான், அடியில் சேற்றுக் கோடு தெரியும். சீட்டின் ரெயிலில், ஸ்டெப்னி வைக்கும் குழியில் துரு இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். வாங்கிய அன்று எல்லாம் ஓடும். வயரிங் கனெக்டரில் பச்சை பூத்து, ஆறு மாசம் கழித்து ஏர்பேக் லைட் எரியும்போது பார்ட்டி உங்களைத்தான் தேடி வருவார்.

ரொக்கம்

ஒரே வியாபாரத்தில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது. இரண்டு நாளாகப் பிரித்து வாங்கினாலும் அதே கணக்குத்தான். மாட்டினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம். தோப்பு விற்ற பணத்தைப் பையோடு கொண்டுவந்து கொட்டுவார்கள், ஆசையாகத்தான் இருக்கும். பேங்குக்கு அனுப்புங்கள்.

ஜிஎஸ்டி கணக்கில் டிங்கரிங் செலவைக் கழித்துவிடுவது

2025-லிருந்து எல்லாப் பழைய கார்களுக்கும் 18 சதவீதம், அதுவும் மார்ஜினுக்கு மட்டும். மார்ஜின் என்றால் விற்ற விலையில் வாங்கின விலையைக் கழித்தது. மூன்று லட்சத்துக்கு வாங்கி மூன்று அறுபதுக்கு விற்றால் அறுபதாயிரத்துக்கு வரி, அதாவது 10,800. நடுவில் பெயின்ட், டயர் என்று முப்பத்தைந்தாயிரம் போட்டிருப்பீர்கள். அது இந்தக் கணக்கில் வராது. கையில் நிற்பது பதினாலாயிரத்துச் சொச்சம். விலை சொல்வதற்கு முன்னால் போட வேண்டிய கணக்கு இது. நான் பல வருஷம் ஆடிட்டர் பில் வந்த பிறகுதான் போட்டேன்.

டெஸ்ட் டிரைவுக்குத் தனியாக அனுப்புவது

"பாண்டி கோயில் வரைக்கும் போயிட்டு வந்துர்றேன்" என்று போன வண்டி மறுநாள் திருச்சியில் கிடைத்தது. டேங்க் காலி.

சொந்தக்காரருக்கு விற்பது

மச்சானுக்கு விற்ற வண்டியில் ஏசி வேலை செய்யவில்லை. ஏழு வருஷம் ஆகிறது. எந்தக் கல்யாண வீட்டிலும் அவன் முதலில் பேசுவது அதைத்தான்.

இதையெல்லாம் ஒத்தக்கடைத் தம்பியிடம் அன்றைக்கே சொன்னேன். பாதியைக் கேட்டான். டெலிவரி நோட்டை எடுத்துக் காட்டி, "ஸ்டாம்ப் ஒட்டியிருக்குண்ணே" என்றான். வாத்தியார் கதையைச் சொன்ன பிறகுதான் முகம் மாறியது. நேற்று போன் பண்ணினான். பதினொன்றில் ஏழு மாற்றியாகிவிட்டதாம். மூன்று பேர் வெள்ளிக்கிழமை ஆர்டிஓவுக்கு வருகிறார்களாம்.

"மிச்சம் ஒண்ணு?"

"அது ஒரு வெள்ளை பொலேரோண்ணே. நம்பர் சுவிட்ச் ஆஃப்னே வருது."

இன்சூரன்ஸ் எப்போது முடிகிறது என்று கேட்டேன். பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றான்.