இரும்பு ஸ்டெப்னிக்குக் குட்டை போல்ட்

என் மெர்சிடிஸ் டபிள்யூ124 காரின் பின்பக்க அலாய் வீல் பஞ்சரானபோது, அதன் நீண்ட போல்ட்டுகளைக் கொண்டே இரும்பு ஸ்டெப்னியை மாட்டிவிட மெக்கானிக் முனைந்தார், நான் தடுத்தேன். அலாயின் நடுப்பகுதி தடிமனானது, இரும்புத் தகடோ மெல்லியது என்பதால், அந்த நீண்ட போல்ட், சக்கரம் பொருந்தும் மையப் பகுதியான ஹப்பைத் தாண்டி உள்ளே நீண்டு ஹேண்ட் பிரேக் பாகங்களில் இடித்துவிடும். நீண்டது, குட்டை இரண்டு போல்ட்டுக்கும் மரை எம்12, அதாவது 12 மி.மீ. விட்டம் என்பதுதான் வம்பு, தடையின்றி ஏறிவிடும். டிக்கியில் இருந்த ஐந்து குட்டை போல்ட்டுகளையும் துடைத்துக் கையாலேயே திருகினேன். முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்துச் சக்கரத்தைச் சுழற்றியதில் உரசல் ஏதும் கேட்கவில்லை. பின்னர் வண்டியை இறக்கி, எதிரெதிர் வரிசையில் 110 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கினேன். மரையில் கிரீஸ் தடவச் சொன்னார் மெக்கானிக். தடவவில்லை, ஏனெனில் அது முறுக்குக் கணக்கையே பொய்யாக்கிவிடும்.