கையடக்க சிந்தசைசர்: முதலில் படிகளை எண்ணுங்கள்

திருவையாறு, கும்பகோணம் பக்கம் நம் தாளத்தோடு வாசிக்கக் கையடக்க சிந்தசைசர் (மின்னணு முறையில் ஒலி எழுப்பும் கருவி) வாங்குகிறீர்கள் என்றால், ஒலியைக் கேட்பதற்கு முன் அதன் சீக்வென்சரின் படிகளை எண்ணுங்கள். சீக்வென்சர் என்பது பதிந்த சுரங்களைத் திரும்பத் திரும்ப வாசிக்கும் பகுதி; அதில் ஒரு சுரத்துக்கான இடம் ஒரு படி. ஆதி தாளம் 8 அட்சரம், அதாவது 8 எண்ணிக்கை. அட்சரத்துக்கு 4 படி வைத்தால் ஓர் ஆவர்த்தனத்துக்கு (தாளத்தின் ஒரு முழுச் சுற்றுக்கு) 32 வேண்டும். 16 படிக் கருவி பாதியிலேயே திரும்பிவிடும். அட்சரத்துக்கு 2 படி என்றால் அடங்கும், ஆனால் நடையின் (அட்சரத்துக்குள் வரும் உட்பிரிவின்) நுணுக்கம் போய்விடும். 7 அட்சர மிஸ்ர சாபு தாளத்துக்கு, அட்சரத்துக்கு 2 படி வைத்தால் 14 போதும். 16-இல் மீதி இரண்டு படிகளைத் தாண்டவைக்க முடிகிறதா என்று கடையிலேயே சோதியுங்கள். கார்க் நிறுவனத்தின் வோல்கா கீஸ் என்ற கையடக்க சிந்தசைசரில் முடியும். முடியாத கருவியில் சுற்றுக்குச் சுற்று தாளம் நழுவும்.

சுருதியை வழக்கமான 440 ஹெர்ட்ஸ் அளவிலிருந்து நுணுக்கமாக நகர்த்தவும் வழி வேண்டும். இல்லாவிட்டால் நாகஸ்வரத்தோடு ஒட்டாது.

வோல்கா 6 ஏஏ பேட்டரியில் ஓடும், கரண்ட் போனாலும் நிற்காது. வாசிக்காத நாட்களில் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். கசிந்தால் முனைகளை அரித்துவிடும்.