தயிர் வாங்க நிறுத்திய பத்து நிமிடம்: ஏ4 வீதியில் தண்டப்பணச் சீட்டு

மட்டக்களப்புக்கோ அம்பாறைக்கோ விடுமுறையில் போய், உறவினரின் காரை வாங்கி ஓட்டத் துணிபவர்களுக்காக இதை எழுதுகிறேன். எதைக் கொண்டுபோவது, யாருக்கு என்ன கொடுப்பது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். வீதியோரத்தில் காரை நிறுத்தியதற்காகப் பொலிஸார் எழுதித் தரும் தண்டப்பணச் சீட்டைப் பற்றி மட்டும் எனக்கு எவரும் சொல்லித் தரவில்லை. மூன்று வார விடுமுறையில் எட்டு நாட்களை அது தின்றது.

ஆடி அமாவாசைக்குத் திருக்கோவில் போய், அப்பாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். கொழும்பில் தொடங்கி இரத்தினபுரி, மொனராகலை, பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை வழியாக மட்டக்களப்பில் முடிகிற ஏ4 வீதி, வரைபடத்தில்தான் நெடுஞ்சாலை. அக்கரைப்பற்றுக்கு வடக்கே அது கோயிலும் பள்ளிவாசலும் பாடசாலையும் சந்தையும் முட்டிக்கொண்டு நிற்கும் ஒரே நீண்ட கடைத்தெரு. பின் இருக்கையிலிருந்து பெரியம்மா, "இஞ்ச ஒருக்கா நிப்பாட்டு மனே, இவடத்துத் தயிர் நல்லம்" என்றார். இரண்டு முட்டி எருமைத் தயிரை வாங்கிக்கொண்டு நாங்கள் திரும்பியபோது காரின் அருகே சீருடை நின்றது. தரிக்கக் கூடாது என்ற பலகை அங்கே இருந்ததாம். யாரோ ஒருவரின் முதலாம் ஆண்டு நினைவஞ்சலிப் பதாகை அதை முழுவதும் மறைத்திருந்தது.

சீட்டு கைக்கு வந்ததும் முதலில் அதைப் படியுங்கள். அச்சடித்த பகுதி உங்களுக்குப் புரிந்தாலும், பேனையால் எழுதியது பெரும்பாலும் சிங்களத்தில் இருக்கும். வாகன இலக்கம், இடம், நேரம், குற்றம், தொகை, பணம் கட்டாவிட்டால் எந்த நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்பவற்றை அந்த இடத்திலேயே தமிழில் வாசித்துக் காட்டும்படி கேளுங்கள். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையின்படி வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிர்வாக மொழி; எனவே நீங்கள் கேட்பது சலுகை அல்ல. நான் கேட்கவில்லை. 1990இல் ஊரை விட்டுப் போனபோது எனக்குப் பத்தொன்பது வயது. அதற்கு முன் இந்த வீதியில் நான் நின்றதெல்லாம் பிறர் நிறுத்தச் சொன்ன இடங்களில்தான். இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி நடந்து கடந்த இடங்கள் அவை. ஐம்பது வயது தாண்டியும், சாரதி அனுமதிப்பத்திரத்தைக் கேட்டவுடன் என் கை தானாக நீண்டுவிட்டது.

அப்படி நீட்டிக் கொடுத்தது கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தில் நான் எடுத்த சாரதி அட்டை. இதுவே நான் செய்த பெரிய பிழை. வெளிநாட்டு அனுமதிப்பத்திரத்தைக் காட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் தற்காலிக அனுமதிப்பத்திரம் பெற்றுக்கொள்ளலாம். 2025 ஓகஸ்டிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே அதற்கொரு கருமபீடம் இருக்கிறது. வீதியில் நீட்ட வேண்டியது அதை. பொலிஸார் அனுமதிப்பத்திரத்தை எடுத்துக்கொண்டால், சீட்டே 14 நாட்களுக்குத் தற்காலிக அனுமதியாகப் பயன்படும்; ஆனால் ரொறன்ரோவில் இறங்கி மறுநாள் வேலைக்கு ஓட்டிப்போக அந்தத் தாள் உதவாது.

அடுத்து, அந்தச் சீட்டு உண்மையில் என்ன என்பதை விளங்கிக்கொள்ளுங்கள். அது தீர்ப்பு அல்ல. இந்தத் தொகையைக் கட்டினால் வழக்குப் போடமாட்டோம் என்ற ஏற்பாடு. 14 நாட்களுக்குள் எழுதியுள்ள தொகை, அதன்பின் 28 நாட்கள் வரை இரட்டிப்பு, அதையும் கடந்தால் நீதவான் நீதிமன்றம். கட்டிவிட்டுப் பிறகு வாதாடலாம் என்று என் மைத்துனர் ஒருவர் மிகுந்த நம்பிக்கையோடு சொன்னார், அது பிழை. கட்டினால் விடயம் அங்கேயே முடிந்தது. வாதாட விரும்புபவர் கட்டாமல் இருந்து, பொலிஸார் வழக்குத் தாக்கல் செய்த பின் நீதிமன்றத்தில் தோன்ற வேண்டும். அங்கே குற்றச்சாட்டு வாசிக்கப்படும்போது "சுற்றவாளி", அதாவது குற்றம் செய்யாதவன், என்று சொன்னால் விசாரணைக்குத் தவணை போடுவார்கள். அந்தத் தவணை உங்கள் விமானப் பயணச்சீட்டைப் பார்த்துப் போடப்படுவதில்லை. அன்றைக்கு நீங்கள் இல்லாவிட்டால் பிடியாணை வரலாம்; சில நூறு ரூபாய்த் தயிருக்காக அடுத்த வருகையில் குடிவரவுக் கருமபீடத்தில் நெஞ்சு படபடக்க நிற்க வேண்டுமா என்பதையும் யோசியுங்கள்.

நான் வாதாடத்தான் நினைத்தேன். பலகையை மறைத்த பதாகையைப் படமெடுத்து வைத்திருந்தேன். மூன்றாம் நாள் அதை ஒரு சட்டத்தரணியிடம் பெருமையோடு காட்டினேன். அவர் படத்தைப் பெரிதாக்கி, மூலையில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். காரின் முன் சில்லுக்குச் சில அடி தள்ளிப் பாதசாரிக் கடவையின் கோடுகள் தெரிந்தன. பலகை வைத்துத் தடுத்த இடம் என்றால் பலகை தெரியவில்லை என்பது நியாயமான வாதம். பாலம், வளைவு, சந்தி, பாதசாரிக் கடவையின் அருகு போன்ற இடங்களில் நிறுத்தக் கூடாது என்பது பொதுவான வீதி விதி. அங்கே பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். எல்லாரும்தானே நிறுத்துகிறார்கள் என்பதையோ, நான் வெளிநாட்டிலிருந்து வந்தவன் என்பதையோ எந்த நீதவானும் காதில் வாங்கப்போவதில்லை. கல்லடியில் 2013இல் திறந்த புதிய பாலத்தின் நடுவே காரை நிறுத்திப் படமெடுக்கும் நம்மவர்களுக்கும் இது பொருந்தும். கரையில் ஒழுங்கான இடத்தில் காரை விட்டுவிட்டு, 1924இல் கட்டிய பழைய பாலத்தில் நடந்துபோய் வாவியைப் பாருங்கள்.

ஆகவே நான்காம் நாள் அஞ்சலகத்தில் பணத்தைக் கட்டினேன். அரசாங்கத்தின் இணையவழிக் கட்டண முறையான கவ்பே (GovPay) மூலமும் தண்டப்பணம் கட்டும் வசதி வந்திருக்கிறது. அதற்கு உள்ளூர் வங்கிக் கணக்குள்ள ஒருவரின் கைப்பேசி தேவைப்படும். வீதியில் நிற்பவரின் கைக்குள் எதையும் வைக்காதீர்கள். இலஞ்சம் கொடுப்பதும் குற்றம். யாராவது கேட்டால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 என்ற இலக்கம் இருக்கிறது.

பணம் கட்டியதோடு முடிந்தது என்று நினைத்தேன். துன்பம் அதன்பிறகுதான் தொடங்கியது. பற்றுச்சீட்டைக் காட்டி அனுமதிப்பத்திரத்தை மீட்கச் சீட்டெழுதிய நிலையத்துக்கே போக வேண்டும். அது நான் தங்கியிருந்த வீட்டிலிருந்து போகவர ஒரு காலைப் பொழுது. முதல் நாள், அலுமாரித் திறப்பை வைத்திருப்பவர் கடமைக்கு வெளியே போயிருந்தார். மதியம் வரை வாங்கில் இருந்தோம். இரண்டாம் முறை, பற்றுச்சீட்டில் அஞ்சலக முத்திரை தெளிவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். முத்திரையை அந்த இடத்திலேயே பார்த்து வாங்குங்கள், இரண்டு பிரதி எடுங்கள். மூன்றாம் முறை அட்டையை எடுத்துத் தந்தவர், அன்று சீட்டெழுதிய அதே இளைஞர். சிங்களவர்தான், "கனடாவில இப்ப குளிரா?" என்று நல்ல தமிழில் கேட்டார். வாசித்துக் காட்டும்படி கேட்டிருந்தால் அன்றைக்கே வாசித்துக் காட்டியிருப்பார்.

அந்த மூன்று நாளும் பெரியம்மா எனக்காகச் சமைத்து மூடி வைத்துக் காத்திருந்தார். "என்னாலதானே மனே" என்று ஒவ்வொரு மாலையும் சொன்னார். இல்லை என்று நான் சொன்னது அவருக்குப் போதவில்லை. நானும் போதிய உறுதியோடு சொல்லவில்லை. தயிர் அதற்குள் புளித்துவிட்டது.

இன்னொன்று: கட்டாமலே விமானம் ஏறிவிடலாம் என்று நினைக்காதீர்கள். சீட்டு உங்கள் பெயரில் இருந்தாலும் அதில் எழுதியிருப்பது காரின் இலக்கம்; தேடிக்கொண்டு வருபவர்கள் கார் நிற்கும் வீட்டுக்கே வருவார்கள். அதனால் பற்றுச்சீட்டின் ஒரு பிரதியை நான் மச்சானிடம் கொடுத்தேன். அவர் அதைக் காரின் முன்பெட்டிக்குள் வைக்கத் திறந்தபோது, உள்ளே மடித்த பற்றுச்சீட்டுகள் இரண்டு ஏற்கெனவே கிடந்தன. ஒன்று சூரிச்சிலிருந்து வந்துபோன தம்பி ஓட்டியபோது எழுதியது. மற்றது இலண்டன் மருமகனுடையது. இரண்டும் இரட்டிப்புத் தொகைக்கு, அவர்கள் விமானம் ஏறிய பிறகு கட்டியவை.



"இத நீ ஆரிட்டயும் கதைக்காத" என்று சொல்லிவிட்டு மச்சான் பெட்டியை மூடினார்.