பெற்றோரையும் ஆட்டத்தில் சேர்ப்பது எப்படி? மழலையர் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு செய்முறை

மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்கு ஓடக் கற்றுத்தர வேண்டியதில்லை. கொஞ்சம் இடமும் கூட ஆட ஒரு ஆளும் கிடைத்தால் தானாக ஓடும். தடை பெரும்பாலும் பெரியவர்கள் பக்கம்தான் இருக்கிறது: வேலை முடிந்து வரும் களைப்பு, விழுந்துவிடுமோ என்ற பயம், கையில் போனைக் கொடுத்தால் கிடைக்கும் அரைமணி நேர நிம்மதி. அதனால் மழலையர் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியர், விளையாட்டு அட்டவணை போடும்போதே பெற்றோரை எப்படிக் கூட்டுச் சேர்ப்பது என்றும் யோசித்துவிடுவது நல்லது.

படி 1: கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்காக உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. அதன்படி 3, 4 வயதுக் குழந்தைகள் நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடம் உடலை அசைத்து இயங்க வேண்டும். அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு ஆட வேண்டும். திரை முன் உட்காருவது 1 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. தூக்கம், பகல் தூக்கத்தையும் சேர்த்து, 10 முதல் 13 மணி நேரம்.

180 என்ற எண்ணை மட்டும் சொன்னால் பெற்றோர் மிரண்டுவிடுவார்கள். எப்படிக் கூட்டுவது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இந்த வயதில் யாரும் தொடர்ந்து ஓடுவதில்லை. சில நொடி பாயும், நிற்கும், குந்தி உட்கார்ந்து எறும்பைப் பார்க்கும், மறுபடி பாயும். இப்படித் துண்டு துண்டாகச் சேர்வதுதான் அந்த 180. நடப்பது, படி ஏறுவது, மடித்த துணியை அலமாரிக்குக் கொண்டுபோவது எல்லாமே கணக்கில் வரும்.

உங்கள் வகுப்பையும் ஒருநாள் கடிகாரம் வைத்துப் பாருங்கள். சறுக்குமரத்துக்கு வரிசையில் நிற்கும் நேரத்தையும் விளையாட்டு நேரமாக எண்ணிக்கொள்வது நம்மிடம் உள்ள பழக்கம்! அதைக் கழித்த பிறகு பள்ளியில் 80 நிமிடம் தேறுகிறது என்றால், வீட்டுக்கு மிச்சம் 100. பெற்றோரிடம் பேசும்போது இந்த மிச்சத்தைச் சொல்லுங்கள்.

படி 2: பேசுவதற்கு முன் கேளுங்கள்

மூன்றே கேள்விகள் போதும். பள்ளி விட்டதும் குழந்தை யாரிடம் இருக்கிறது? ஓடியாட வீட்டிலோ பக்கத்திலோ எங்கே இடம் உண்டு? உங்களுக்கும் குழந்தைக்கும் அவசரமில்லாத பத்து நிமிடம் எப்போது கிடைக்கிறது?

முதல் கேள்விக்கு "தாத்தா, பாட்டி" என்று பதில் வந்தால், உங்கள் திட்டம் அவர்களுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். முழங்கால் வலியோடு இருப்பவரிடம் ஓடிப்பிடித்து விளையாடச் சொல்ல முடியாது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே பந்தை உருட்டிவிடலாம், "சிவப்பு நிறத்தைத் தொட்டுவிட்டு வா" என்று அனுப்பலாம். ஓடுவது குழந்தையின் வேலை.

படி 3: முதல் கூட்டத்தில் பேச்சைக் குறையுங்கள்

பெற்றோரை வரவழைத்து, வரிசையாக உட்காரவைத்து, உடலியக்கத்தின் நன்மைகளைப் பட்டியல் போட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். வீட்டில் ஒன்றும் மாறாது. நன்மை தெரியாமல் யாரும் சும்மா இருக்கவில்லை. என்ன செய்வது, எப்படித் தொடங்குவது என்பதில்தான் தயக்கம்.

எனவே அரைமணி நேரம் குழந்தைகளோடு சேர்த்து ஆடவிடுங்கள். தரையில் சுண்ணக்கட்டியால் நேர்கோடும் வளைகோடும் போட்டு, அதன்மேல் நடக்கச் சொல்லுங்கள். பழைய காலுறைகளைச் சுருட்டிப் பந்தாக்கிக் கூடையில் எறியட்டும். தவளைபோலத் தாவுவது, பாட்டு நின்றதும் சிலையாக நிற்பது ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த நான்கிலேயே சமநிலை, எறிதல், தாவுதல், சட்டென்று நிற்பது ஆகிய அடிப்படைத் திறன்கள் வந்துவிடுகின்றன.

சிலர் சுவரோரம் நின்று போனில் படம் எடுப்பார்கள். அவர்களை வற்புறுத்தாமல், கையில் ஒரு வேலையைக் கொடுத்துவிடுங்கள்: கூடையைப் பிடிப்பது, பாட்டை நிறுத்துவது. கொஞ்ச நேரத்தில் கூடையைப் பிடித்தவரே இடம் மாற்றி மாற்றி ஆட்டம் காட்டத் தொடங்கிவிடுவார்.

எதை எந்த வயதில் எதிர்பார்க்கலாம் என்பதையும் அப்போதே காட்டுங்கள். பெரிய பந்தைப் பிடிப்பது ஏறக்குறைய நான்கு வயதில்தான் கைவரும். மூன்று வயதுக் குழந்தை தவறவிட்டால் அது திறமைக் குறைவு ஆகாது. மெதுவாக வரும் துணிப்பந்தில் தொடங்கச் சொல்லுங்கள்.

படி 4: வாரத்துக்கு ஒரு வேலை, அதுவும் சின்னதாக

புதிதாக நேரம் ஒதுக்கச் சொன்னால் பெரும்பாலும் நடக்காது. ஏற்கெனவே நடக்கும் ஒரு வேலையோடு முடிச்சுப் போடுங்கள். பள்ளியிலிருந்து திரும்பும் வழியில் கொஞ்ச தூரம் பெரிய எட்டு வைத்து நடப்பது. குளிக்கப் போகும்போது நண்டு நடை. இரவு உணவுக்கு முன் இரண்டு பாட்டுக்கு ஆட்டம். பல் துலக்கும்போது மட்டும் எதுவும் வேண்டாம். வாயில் பிரஷோடு விழுந்தால் தொண்டையில் காயம் படும்.

செய்தி அனுப்பும் விதமும் முக்கியம். "அன்பார்ந்த பெற்றோர்களே, குழந்தைகளின் ஆரோக்கியத்தைக் கருத்தில் கொண்டு உடற்பயிற்சியை ஊக்குவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்று வாட்ஸ்அப்பில் வந்தால் நானே படிக்க மாட்டேன். இப்படி எழுதிப் பாருங்கள்:

"வணக்கம். இந்த வாரம் காலுறைப் பந்து. சாப்பாட்டுக்கு முன் ஐந்து நிமிடம், கூடையில் எறியுங்கள். பந்து கூடைக்குள் விழுந்தால் ஒரு அடி பின்னால் போகலாம். இடது கையாலும் முயலலாம். வெள்ளிக்கிழமை உங்கள் பிள்ளை எங்களுக்குச் செய்து காட்டும்."

என்ன, எப்போது, எவ்வளவு நேரம் மூன்றும் இதில் இருக்கிறது. கடைசி வரிதான் இதன் உயிர். வெள்ளிக்கிழமை காட்ட வேண்டும் என்பதால் வீட்டில் நினைவூட்டுவது குழந்தையின் பொறுப்பாகிவிடும். அம்மாவுக்கு மட்டும் அனுப்பாமல் அப்பாவின் எண்ணையும் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 5: தயக்கங்களுக்கு நடைமுறைப் பதில்

"வீட்டில் இடமில்லை": பாய் விரிக்கும் அளவு இடம் போதும். உருளுவது, மேசைக்கு அடியில் ஊர்வது, தலையணைகளைத் தாண்டுவது எல்லாம் அதற்குள் அடங்கும்.

"விழுந்து அடிபட்டால்?" இந்தப் பயத்தைச் சிரித்து ஒதுக்கிவிடாதீர்கள். கண்ணாடி, கூர்முனை, திறந்த மாடி, தண்ணீர், வண்டி போகும் தெரு: இவற்றைத் தவிர்ப்பது பெரியவர் பொறுப்பு. தாழ்வான திண்டிலிருந்து குதித்து முழங்காலில் சிராய்ப்பது வேறு விஷயம். "பார்த்து, பார்த்து" என்று கத்துவதைவிட, "அடுத்த காலை எங்கே வைக்கப் போகிறாய்?" என்று கேட்பது பயன் தரும்.

"போனை வாங்கினால் அழுகிறான்": வெறுமனே பிடுங்கினால் அழத்தான் செய்யும். எப்போது முடியும் என்பதை முன்பே சொல்லி, முடிந்ததும் செய்ய ஒரு ஆட்டத்தைத் தயாராக வைத்திருக்கச் சொல்லுங்கள். பெரியவரும் அதே நேரத்தில் தன் போனை வைத்துவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

ஆஸ்துமா, இதயக் கோளாறு, நடப்பதில் சிரமம் போன்றவை இருந்தால், எது செய்யலாம் என்று மருத்துவரிடம் கேட்டுவரச் சொல்லி, அதற்கேற்ப ஆட்டத்தை மாற்றுங்கள். ஓரமாக உட்காரவைக்க வேண்டாம்.

படி 6: பின்தொடருங்கள், போட்டியாக்காதீர்கள்

ஒரு தாளில் ஏழு கட்டம் போட்டுக் கொடுங்கள். ஆடிய நாளில் குழந்தை தானே ஒரு கட்டத்துக்கு வண்ணம் தீட்டட்டும். அதை வகுப்புச் சுவரில் ஒட்டி யார் அதிகம் என்று காட்டினால், பின்தங்கிய வீடுகள் அடுத்த வாரம் பொய்யாக வண்ணம் தீட்டி அனுப்பும். எடையைப் பற்றிக் குழந்தையின் காதுபட யாரும் பேசக் கூடாது. "சேட்டை செய்தாயா, பத்துச் சுற்று ஓடு" என்பதும் வேண்டாம். தண்டனையாக ஓடிய குழந்தைக்கு ஓட்டமே கசந்துவிடும்.

ஒரு மாதம் கழித்து, பதிலே அனுப்பாத பெற்றோரை, குழந்தையை அழைத்துச்செல்ல வரும் நேரத்தில் வாசலில் பிடியுங்கள். "ஏன் செய்யவில்லை?" என்று கேட்காமல், "இதுவரை அனுப்பியதில் எது உங்கள் வீட்டுக்கு ஒத்துவரவில்லை?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை வைத்து அடுத்த வார வேலையை மாற்றி எழுதுங்கள்.