கோவைக்கு பஸ் ஏறினால் கட்டுப்படியாகுமா? ஒரு ஷீட்டில் போட்டுப் பார்க்கலாம்

கேரள எல்லையோரம் பாலக்காட்டுப் பக்கம் இருக்கும் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வழியாகக் கோவை போகும் காலை பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். மடியில் டிபன் பாக்ஸ், நகக்கண்ணில் லேத் எண்ணெய்க் கறுப்பு, பாதித் தூக்கம் என்று வருகிறவர்கள்தான் நிறைய. இவர்கள் போவதால் வீட்டுக்கும் ஊருக்கும் தொழிலுக்கும் என்ன ஆகிறது என்று கூகுள் ஷீட்டிலேயே கணக்குப் போடலாம். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

முதலில் வீடு. கேரளத்துப் பக்கம் நாள் கூலி குறைவில்லை, வேலை நாள்தான் குறைவு. அதனால் கூலிக்கு ஒரு கட்டம், நாளுக்கு ஒரு கட்டம் என்று தனித்தனியாக வையுங்கள். ஊரில் 700 ரூபாய், 12 நாள்: மாதம் 8,400. கோவையில் 750 ரூபாய், 24 நாள்: 18,000. (எல்லாம் உதாரணத்துக்கு நான் போட்ட எண்கள், உங்கள் ஊரில் விசாரித்து மாற்றிக்கொள்ளுங்கள்.)

அப்புறம் வேலை கிடைக்கும் வாய்ப்பு. பொருளாதார அறிஞர்கள் ஹாரிஸும் டோடாரோவும் 1970-இல் சொன்னது இதைத்தான்: கிளம்புகிறவர் நகரக் கூலியை மட்டும் பார்ப்பதில்லை, அதை வாய்ப்பால் பெருக்கினால் என்ன தேறும் என்று பார்க்கிறார். அங்கேயே ரூம் எடுத்தால் வாடகை, சாப்பாடு 5,500 என்று வையுங்கள். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அது செலவுதான். 8,400-ஐயும் 5,500-ஐயும் கூட்டி 18,000-ஆல் வகுத்தால் 0.77. அதாவது நூற்றுக்கு 77 வாய்ப்பாவது இல்லையென்றால் ஊரிலேயே இருப்பது மேல்.

தினமும் போய்வருகிறவருக்கு பஸ், டீ, மதியச் சாப்பாடு சேர்த்து நாளைக்கு 140. வேலை இல்லாதபோது அவர் பஸ் ஏறவே வேண்டாம், செலவும் இல்லை. 24 நாள் செலவு 3,360 போக மிச்சம் 14,640; 8,400-ஐ அதால் வகுத்தால் 0.57. எல்லையோர ஊர்களின் கதையே இந்த 77-க்கும் 57-க்கும் நடுவில்தான் இருக்கிறது!

சரி, ஊருக்கு என்ன ஆகும்? கிராமத்தில் ஆள் உபரியாக இருப்பதால் சிலர் போனாலும் விளைச்சல் பெரிதாகக் குறையாது என்பது 1954-இல் பொருளாதார அறிஞர் ஆர்தர் லூயிஸ் சொன்னது. நடவு நேரத்தில் வயல்காரரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். போனவர்களைக் கழித்து, மிச்ச ஆளுக்குத் தகுந்தபடி கூலி ஏறும்படி ஒரு வரிசை போடுங்கள். நான் அதோடு நிறுத்திவிட்டேன், ஷீட்டில் நடவுக் கூலி எங்கேயோ போய் நின்றது. பாலக்காட்டு வயல்களில் இப்போது மேற்கு வங்கத்து ஆட்கள் நடுவதை எப்படி மறந்தேனோ. 'வெளியிலிருந்து வருகிறவர்கள்' என்று இன்னொரு வரிசை கட்டாயம் வேண்டும்.

கடைசியாகத் தொழில். பவுண்டரி, பம்ப்செட் பட்டறை, பஞ்சாலை எல்லாம் சேர்த்து 1,000 வேலை என்று வையுங்கள். வாய்ப்பு ரூம்காரர்களின் 0.77-க்கு இறங்கும்வரை ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள், அதனால் 1,000-ஐ அந்த 0.77-ஆல் (தசமத்தைச் சுருக்காமல்) வகுத்தால் 1,295 பேர் வந்து சேர்வார்கள், 295 பேருக்கு வேலை இருக்காது. வேலையை 1,200 ஆக்குங்கள்: வருகிறவர்கள் 1,554, வேலையில்லாதவர்கள் 354. வேலை கூடியதில் வேலையில்லாதவர்களும் கூடிவிட்டார்கள்! இரு பக்கக் கூலியும் மாறாமல் இருந்தால்தான் இப்படி, அதையும் மாற்றிப் பாருங்கள்.

எத்தனை பேர் போகிறார்கள் என்ற எண்ணை மட்டும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் இடப்பெயர்ச்சி அட்டவணையில் தேடாதீர்கள். அது வசிக்கும் இடம் மாறியவர்களைத்தான் எண்ணும். ராத்திரி வீட்டுக்கு வந்து படுக்கிறவர் அதில் வரமாட்டார். ஒரு வாரம் காலை பஸ்ஸில் நின்று தலையை எண்ண வேண்டியதுதான்.