தொலைதூர விண்மீன் திரள்களின் ஒளி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

“1,340 கோடி ஒளியாண்டு தொலைவில் விண்மீன் திரள் கண்டுபிடிப்பு” என்று செய்தி வந்தால், அந்த எண்ணை அப்படியே நம்பிவிடாதீர்கள். பெரும்பாலும் அது தொலைவே அல்ல, ஒளி வழியில் கழித்த காலம். இத்தனை ஆண்டு பயணம், ஆகவே இத்தனை ஒளியாண்டு தொலைவு என்ற கணக்கு, விண்வெளி விரியாமல் இருந்தால்தான் செல்லுபடியாகும். வெளியோ விரிந்துகொண்டே இருக்கிறது.

சப்தரிஷி மண்டலத்தின் திசையில் உள்ள ஜிஎன்-இசட்11 என்ற திரளையே எடுத்துக்கொள்வோம். பெருவெடிப்புக்குப் பிறகு ஏறக்குறைய 40 கோடி ஆண்டுகளில் அதன் ஒளி கிளம்பியது. அப்போது அந்தத் திரளுக்கும் நாம் இருக்கும் இடத்துக்கும் இடையே சுமார் 270 கோடி ஒளியாண்டுதான். இன்றோ அது 3,200 கோடி ஒளியாண்டு தள்ளிப் போய்விட்டது. தொலைவு என்று யாராவது சொன்னால், எப்போதைய தொலைவு என்று கேட்டே தீர வேண்டும். பேரண்டத்தின் வயது 1,380 கோடி ஆண்டுதான் என்றாலும், நம் பார்வைக்கு எட்டும் எல்லை 4,600 கோடி ஒளியாண்டு வரை நீள்வதும் இதனால்தான்.

அடுத்த தவறு ஆழமானது, படித்தவர்களையும் விடுவதில்லை: ஒளியைவிட வேகமாக விலகும் திரளை நாம் பார்க்கவே முடியாது என்பது. ஜிஎன்-இசட்11 தன் ஒளியை அனுப்பியபோது ஒளிவேகத்தைப் போல் நான்கு மடங்குக்கும் மேலான வேகத்தில் நம்மிடமிருந்து விலகிக்கொண்டிருந்தது. அப்படியும் அதைப் படம் பிடித்திருக்கிறோம். எப்படி?

அந்த ஒளி, ஆற்று வெள்ளத்தை எதிர்த்து நீந்துபவனைப் போன்றது. நம்மை நோக்கியே வந்தது, தன் வேகத்தைக் கொஞ்சமும் குறைத்துக்கொள்ளவில்லை. ஆனால் கடந்ததைவிட அதிகமான வெளி அதன் முன்னால் விரிந்துகொண்டே போனதால், நெருங்குவதற்குப் பதிலாக விலகிப்போனது. 270 கோடி ஒளியாண்டில் கிளம்பியது, 580 கோடி ஒளியாண்டு அளவுக்குத் தள்ளப்பட்டது. அந்தக் காலத்தில் பருப்பொருளின் ஈர்ப்பு விரிவின் வேகத்தை மட்டுப்படுத்திக்கொண்டிருந்தது. அதனால், ஒளிவேகத்தைவிடக் குறைவாக விலகும் பகுதி நம்மைச் சுற்றி அகன்றுகொண்டே போய், ஒரு கட்டத்தில் அந்த ஒளியையும் உள்ளே வாங்கிக்கொண்டது. பேரண்டத்துக்கு 400 கோடி வயதாகும் வாக்கில் ஒளி திரும்பி, அதன் பிறகுதான் உண்மையாகவே நம்மை நெருங்கத் தொடங்கியது. விண்ணியலில் என்னை இதைவிட வியக்க வைத்த செய்தி வேறில்லை.

எதுவும் ஒளியை முந்த முடியாது என்ற ஐன்ஸ்டைனின் விதி இதில் மீறப்படவில்லை. தன் பக்கத்தில் செல்லும் ஒளியை எந்தத் திரளும் முந்துவதில்லை. இடையிலுள்ள வெளிதான் கூடுகிறது.

எல்லா ஒளியும் என்றாவது வந்துசேரும் என்று மறுகோடிக்குப் போவதும் பிழை. விரிவு இப்போது வேகமெடுத்து வருகிறது. இன்று சுமார் 1,650 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் உள்ள திரள்கள் இந்த நொடியில் அனுப்பும் ஒளி எக்காலத்திலும் நம்மை எட்டாது. ஜிஎன்-இசட்11 இன்று எப்படி இருக்கிறது என்பதை நாம் ஒருபோதும் பார்க்கப் போவதில்லை.

விரிவு என்றதும் பூமியும் சூரியக் குடும்பமும் ஊதிப் பெருக்கின்றன என்று எண்ண வேண்டாம். ஈர்ப்பு கட்டிப்போட்ட இடங்களில் விரிவுக்கு வேலையில்லை. நம் அண்டைத் திரளான ஆண்ட்ரோமெடா விலகவே இல்லை, நொடிக்கு ஏறத்தாழ 110 கிலோமீட்டர் வேகத்தில் நம் திரளான பால்வீதியை நெருங்கி வருகிறது.

தொலைதூர ஒளியின் அலைநீளம் நீண்டு சிவப்புப் பக்கம் நகர்வதுதான் செம்பெயர்ச்சி. அதைச் சாதாரண டாப்ளர் விளைவாக, அதாவது ஒளி மூலம் விலகி ஓடுவதால் மட்டும் வரும் மாற்றமாகப் பார்ப்பதும் பரவலான தவறு. ஜிஎன்-இசட்11 திரளின் செம்பெயர்ச்சி 10.6. இதை ஒளிவேகத்தால் பெருக்கி, அதுவே அதன் வேகம் என்பவர்கள் உண்டு. அந்த எண் சொல்வது வேறு: ஒளி கிளம்பியதிலிருந்து பேரண்டம் 11.6 மடங்கு விரிந்திருக்கிறது, அலைநீளமும் அதே அளவு நீண்டிருக்கிறது. ஹைட்ரஜன் 121.6 நானோமீட்டரில் உமிழும் புறஊதாக் கதிர் நம்மிடம் வரும்போது சுமார் 1,410 நானோமீட்டர், அதாவது அகச்சிவப்பு. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியை அகச்சிவப்புக்கென்றே வடிவமைத்ததற்கு இது முக்கியக் காரணம்.

நெடும்பயணத்தில் ஒளி களைத்துப்போய்ச் சிவக்கிறது என்ற பழைய கருத்து இன்றும் அவ்வப்போது தலைகாட்டுகிறது. சூப்பர்நோவாக்கள் எனப்படும் விண்மீன் வெடிப்புகள் அதை மறுத்துவிட்டன. செம்பெயர்ச்சி 1 உள்ள ஒரு சூப்பர்நோவா, அருகிலுள்ள அதே வகை வெடிப்பைவிட இரண்டு மடங்கு காலம் எடுத்து மங்குகிறது. ஒளி களைத்திருந்தால் நிறம் மட்டும்தான் மாறியிருக்கும், வெடிப்பு நீடிக்கும் நாள்கள் இரட்டிப்பாகியிருக்காது.