டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) இல்லாத ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஆயில் மாற்றும்போது

கியர்பாக்ஸுக்கு ‘ஆயுளுக்கும் ஒரே ஆயில்’ போதும் என்று சொல்வதை நம்பாதீர்கள். சூட்டில் உழைக்கும் எந்த ஆயிலும் கெடும். டொயோட்டாவின் டபிள்யூ.எஸ். (WS) என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் புதிதில் செக்கச்செவேல் என்றிருக்கும். அது கருத்துப்போகும்வரை காத்திருக்க வேண்டாம்.

ஊற்றும் துளையின் போல்ட்டை முதலில் கழற்றிப் பாருங்கள். வடித்த பிறகு அது இறுகிக்கொண்டு வராமல் போனால் திண்டாட்டம்தான். வடிந்ததை அளந்து, அதே அளவு புதியதை ஊற்றுங்கள். என்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரில் பழையது தங்கிவிடுவதால் ஒரே தடவையில் முழுவதும் மாறாது.

அளவு பார்ப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். கார் சமமட்டத்தில் நிற்க வேண்டும், என்ஜின் ஓட வேண்டும். ஆயிலின் வெப்பம் கையேட்டில் சொன்னபடி, பல மாடல்களில் சுமார் 40 டிகிரி செல்சியஸ், வந்ததும் அளவு போல்ட்டை (அளவுக்கு மிஞ்சிய ஆயில் வழியும் துளையின் போல்ட்டை) திறவுங்கள். எதுவும் வராவிட்டால் இன்னும் கொஞ்சம் ஊற்றுங்கள். நூலாக ஒழுகுவது சொட்டுச் சொட்டாக மாறும்போது, புது வாஷர் போட்டு மூடிவிடுங்கள்.